இசைக்காகப் பழைய கேம் பாய்: பழுதும் மாற்றமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவியில் இசையமைக்கவும், அதை மேடையில் இசைக்கவும் விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரும்பாலான விடைகள் 1989-இல் வெளிவந்த டிஎம்ஜி-01 என்ற முதல் மாதிரியைப் பற்றியவை. பாக்கெட், கலர் ஆகிய பிந்தைய மாதிரிகள் வேறுபடும் இடங்களில் அது குறிப்பிடப்படும். எல்லா விடைகளுக்கும் அடிப்படையாக ஒரு நிலைப்பாடு உண்டு. கருவி சீராக இயங்கத் தேவையான பழுதுபார்ப்பை முழுமையாகச் செய்ய வேண்டும். அதற்கு மேல் செய்யும் மாற்றங்கள் இயன்றவரை குறைவாகவும், பின்னொரு நாள் நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவையாகவும் இருக்க வேண்டும். இந்தக் கருவிகளின் உற்பத்தி என்றோ நின்றுவிட்டது. மிஞ்சியிருப்பவற்றை வைத்துத்தான் இனி வருகிறவர்களும் இசைக்க வேண்டும்.

அதே ஒலியைக் கணினியிலேயே உண்டாக்கலாமே, அசல் கருவி எதற்கு?

கற்றுக்கொள்வதற்குக் கணினி போதும். கேம் பாயைப் போலச் செயல்படும் எமுலேட்டர்கள் இன்று மிகத் துல்லியமாக உள்ளன. அவற்றில் நன்றாகப் பழகிய பிறகு கருவி வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் அசல் கருவிக்கென்று இரண்டு தன்மைகள் உண்டு. முதலாவது, சில்லிலிருந்து கிளம்பும் ஒலிச்சைகை மின்தேக்கிகளையும் பெருக்கியையும் கடந்து வரும்போது, சதுர அலையின் தட்டையான மேற்பகுதி சற்றே சரிந்துவிடுகிறது. இந்தச் சரிவு டிஎம்ஜியில் மிகக் குறைவு. பாக்கெட்டிலும் கலரிலும் அதிகம். அதனால்தான் ஒரே பாடலின் தாழ்ந்த சுரங்கள் டிஎம்ஜியில் கனமாகவும் மற்றவற்றில் மெலிந்தும் ஒலிக்கின்றன. இரண்டாவது, எட்டே பொத்தான்களைக் கொண்டு இரு கட்டைவிரல்களால் இசையமைக்கும் பழக்கம் கைக்கு ஏறிவிட்டால், விசைப்பலகையில் அதே வேகம் வருவதில்லை.

இந்த வழக்கம் விளையாட்டாகத் தோன்றி மறைந்ததும் அன்று. 1998-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கலை மாணவராக இருந்த ஆலிவர் விட்சோவ் உருவாக்கிய நானோலூப், 2000-இல் சுவீடனின் யோகன் கோட்லின்ஸ்கி உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டிஜே ஆகிய இரு மென்பொருள்களும் கேம் பாயை முழுமையான இசைக்கருவியாக்கின. 2006-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளிப் திருவிழாவைப் போன்ற நிகழ்ச்சிகளில் பல நாட்டுக் கலைஞர்கள் இக்கருவியை மேடையேற்றினார்கள்.

கருவிக்குள் ஒலி எப்படி உருவாகிறது? இதை அறிந்தால்தான் பழுதுபார்க்க முடியுமா?

ஓரளவு அறிந்திருப்பது பெரிதும் உதவும். கேட்கும் குறை பழுதா, கருவியின் இயல்பா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. கேம் பாயின் ஒலியமைப்பை வடிவமைத்தவர் நிண்டெண்டோவின் இசையமைப்பாளரும் பொறியாளருமான ஹிரோகாசு தனாகா. தனி ஒலிச்சில்லு கிடையாது. ஷார்ப் நிறுவனம் தயாரித்த மையச் செயலியின் உள்ளேயே நான்கு ஒலித்தடங்கள் உள்ளன. முதல் இரண்டும் துடிப்பு அலைத் தடங்கள். அவற்றில் அலையின் உயர்ந்த பகுதி ஒரு சுற்றில் 12.5, 25, 50, 75 ஆகிய நான்கு விழுக்காடுகளில் ஒன்றாக இருக்கலாம். 25-உம் 75-உம் ஒன்றுக்கொன்று தலைகீழான வடிவங்கள் என்பதால் தனியாக ஒலிக்கும்போது காதுக்கு வேறுபாடு தெரியாது. மூன்றாவது தடத்தில் 32 புள்ளிகள் கொண்ட ஓர் அலை வடிவத்தை நாமே வரைந்து ஓடவிடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள் மட்டுமே. நான்காவது இரைச்சல் தடம். தாளக் கருவிகளின் ஒலி பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

முதல் இரண்டு தடங்களுக்கும் இரைச்சல் தடத்துக்கும் 16 ஒலியளவுப் படிகள் உண்டு. அலைத் தடத்துக்கோ அமைதி, கால், அரை, முழு என்னும் நான்கு நிலைகளே உண்டு. ஒவ்வொரு தடத்தையும் இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டும் என்றுதான் வைக்க முடியும். இடையில் எங்கும் நிறுத்த முடியாது. ஆகவே ஒரு தடத்தின் ஒலி படிப்படியாக அன்றித் திடீரெனத் தாவிக் குறைந்தால் அதைப் பழுதென்று எண்ணிக் கருவியைத் திறக்க வேண்டாம். அலைத் தடம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதை மீண்டும் தொடங்கச் செய்தால், டிஎம்ஜியில் அலைவடிவத்தின் முதல் சில புள்ளிகள் சிதையக்கூடும். இது சில்லின் வடிவமைப்பிலேயே உள்ள குறை; எந்தச் சால்டரிங்காலும் சரியாகாது.

உயர்ந்த சுரங்கள் சுருதி விலகி ஒலிக்கின்றன. கருவியின் வேகத்தை நிர்ணயிக்கும் படிகம் பழுதாகிவிட்டதா?

இல்லை, இது கணக்கின் விளைவு. துடிப்புத் தடத்தின் அதிர்வெண், 131072 என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. வகுக்கும் எண் 298 என்றால் 439.8 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 440 ஹெர்ட்ஸுக்கு அது மிக அருகில் இருப்பதால் எவரும் குறை காண மாட்டார்கள். அதற்கு மூன்று எண்மம் (ஸ்தாயி) மேலே, 3520 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், 37-ஆல் வகுக்கும்போது 3542 ஹெர்ட்ஸும் 38-ஆல் வகுக்கும்போது 3449 ஹெர்ட்ஸும் வருகின்றன. அருகில் உள்ள 3542-ஐ எடுத்துக்கொண்டாலும் அது அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். கீழ்ப்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு: துடிப்புத் தடங்கள் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கா. அலைத் தடம் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால் அடித்தளச் சுரங்களை அதற்கு ஒதுக்குவதே வழக்கம்.

எந்த மாதிரியை வாங்குவது?

இசைக்காக என்றால் டிஎம்ஜி-01. அதன் கனமான தாழ்சுரம் ஒரு காரணம். உள்ளே இடம் தாராளமாக இருப்பதும், பாகங்கள் பெரிதாக இருப்பதால் கைப்பழக்கம் இல்லாதவரும் சால்டரிங் செய்ய முடிவதும் வேறு காரணங்கள். 1998-இல் வந்த கலர் மாதிரியின் செயலி இரு மடங்கு வேகத்தில் இயங்கக் கூடியது. எனவே ஒரே நேரத்தில் பல கட்டளைகளைக் குவிக்கும் சிக்கலான பாடல்கள் அதில் தடுமாறுவதில்லை. 1996-இல் வந்த பாக்கெட் சிறியது, திரை தெளிவானது. ஒலியில் டிஎம்ஜிக்கு ஈடாகாது. கேம் பாய் அட்வான்ஸ் பழைய கார்ட்ரிட்ஜ்களை (மென்பொருள் பதிந்த செருகு பெட்டிகளை) ஏற்கும் என்றாலும் அதன் ஒலியில் எப்போதும் ஒரு சீறல் இருக்கும். அதன் மடிப்பு வடிவமான எஸ்பியில் ஹெட்ஃபோன் துளையே கிடையாது.

வாங்கும்போது புறத்தோற்றத்தைவிட மின்கல அறையைப் பாருங்கள். மஞ்சளேறிய உறையும் கீறல் விழுந்த முகப்பும் ஒலியைப் பாதிப்பதில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உலோகத் தகடுகளோ, கசிவு உள்ளே பலகை வரை சென்றிருக்கலாம் என்பதன் அடையாளம்.

திறப்பதற்கு என்ன வேண்டும்?

பின்புறத்தில் உள்ள ஆறு திருகாணிகள் மூன்று இதழ் கொண்ட டிரை-விங் வகை. அவற்றில் இரண்டு மின்கல அறைக்குள் இருக்கும். சாதாரணத் திருப்புளியால் முயன்றால் தலை தேய்ந்து, பிறகு துளையிட்டு எடுக்க வேண்டியதாகிவிடும். உள்ளே இருப்பவை வழக்கமான பிலிப்ஸ் திருகாணிகளே. முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது என்பதை மறந்து வேகமாகப் பிரிக்கக் கூடாது. சிறிது திறந்ததும் கேபிளை அதன் இணைப்பியிலிருந்து நேராக இழுத்து எடுங்கள். இவற்றுடன் மல்டிமீட்டர், வெப்பநிலையை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ், 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள் ஆகியவை இருந்தால் இங்கே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

இயக்கியதும் திரையில் நிறுவனப் பெயருக்குப் பதிலாகக் கருப்புப் பட்டை இறங்கி, அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?

கருவி நலமாக இருக்கிறது. கார்ட்ரிட்ஜைத்தான் படிக்க முடியவில்லை. செயலிக்குள் 256 பைட் அளவுள்ள ஒரு தொடக்க நிரல் உண்டு. அது கார்ட்ரிட்ஜில் பதிந்துள்ள 48 பைட் நிண்டெண்டோ சின்னத்தைப் படித்துத் திரையில் இறக்கிக் காட்டிய பின், தன்னிடம் உள்ள படியோடு ஒப்பிடுகிறது. ஒரு பைட் பொருந்தாவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். சின்னம் சிதைந்து வந்தால் சில தொடுமுனைகள் சரியாகத் தொடவில்லை என்றும், முழுக் கருப்பாக வந்தால் எதுவுமே படிக்கப்படவில்லை என்றும் கொள்ளலாம். கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகு சில முறை செருகி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உலோகத்தில் தங்கி அரிப்பைக் கூட்டும். துடைத்தும் சரியாகாவிட்டால் கருவியின் உள்ளே இருக்கும் செருகியின் ஊசிகளையும் அதே முறையில் துடைக்க வேண்டும்.

பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி அணைந்துவிடுகிறது, அல்லது லேசாகத் தட்டினால் மீண்டும் தொடங்குகிறது. எங்கிருந்து ஆராய்வது?

மேடையில் இசைப்பவருக்கு இதைவிடக் கொடிய பழுது இல்லை. நல்வேளையாக, இதற்கான காரணம் பெரும்பாலும் எளியது. மின்கலத்திலிருந்து செயலி வரை மின்சாரம் செல்லும் வழியை ஒவ்வொரு கட்டமாக அளந்து வாருங்கள். கசிந்த ஆல்கலைன் மின்கலம் விட்டுச்செல்வது காரப் பொருள் என்பதால், வினிகரோ எலுமிச்சைச் சாறோ சிறிதளவு தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து அமிலத்தின் ஈரத்தை முழுமையாக நீக்க வேண்டும். பூச்சு உரிந்து துருப்பிடித்த தகடுகளை மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது மின்விசை (பவர் ஸ்விட்ச்). பல ஆண்டுகளாக உறங்கிய கருவிகளில் இந்தச் சிறிய தள்ளுவிசையின் உட்புறம் கறுத்துவிடுகிறது. மின்கலத்தில் 6 வோல்ட் இருந்தும் விசையைக் கடந்த பின் மின்னழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தால் குற்றவாளி அதுவே. விசையின் இடைவெளியில் ஆல்கஹாலை விட்டு, மின்கலத்தை எடுத்துவிட்ட நிலையில், பலமுறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். பொத்தான் தொடர்பு மங்கினாலும், ஒலியளவுச் சக்கரம் கரகரத்தாலும் இதே ஆல்கஹால்தான் மருந்து.

அதையும் கடந்தால் மின்மாற்றிப் பலகை. டிஎம்ஜியில் தனியாக நிற்கும் இச்சிறு பலகை, மின்கலத்தின் 6 வோல்ட்டிலிருந்து செயலிக்கு 5 வோல்ட்டும், திரைக்கு ஏறத்தாழ எதிர்மறை 19 வோல்ட்டும் உண்டாக்குகிறது. 5 வோல்ட் தள்ளாடினால் அப்பலகையின் மின்தேக்கிகளை மாற்றலாம்.

அப்படியானால் எல்லா மின்தேக்கிகளையும் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லதல்லவா?

கேம் பாய்க்கு அது தேவையில்லை. 1990-இல் வந்த சேகா கேம் கியர் கருவியில் மின்தேக்கிகள் கசிந்து பலகையையே அரிக்கும் என்பதால், அதில் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும். அந்த அறிவுரை கேம் பாய்க்கும் பரவிவிட்டது. நன்றாக இயங்கும் பலகையில் தேவையின்றி வெப்பம் ஏற்றும்போது செப்புத் தடம் உரிந்துவிடும் வாய்ப்பு, அந்த மின்தேக்கி பழுதாகும் வாய்ப்பைவிட அதிகம் என்பது என் கருத்து. அளந்து, பழுதானதை மட்டும் மாற்றுங்கள்.

திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் தெரிவதில்லை. பாடலின் எண்களையே படிக்க முடியவில்லை.

டிஎம்ஜியில் காலப்போக்கில் பெரும்பாலும் வரக்கூடிய குறை இது. திரைக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட ரிப்பன், சில இடங்களில் பிடிப்பை இழப்பதே காரணம். சால்டரிங் அயர்னைக் குறைந்த வெப்பத்தில் வைத்து, ரிப்பன் ஒட்டியுள்ள பட்டையின் மேல் மெதுவாக, சீரான அழுத்தத்தில் நகர்த்தினால் ஒட்டு இளகி மீண்டும் பிடிக்கும். கருவியை இயக்கத்தில் வைத்தே செய்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்புவதைக் காணலாம். அயர்ன் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. முகப்பின் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் தொடவும் கூடாது.

கிடைமட்டக் கோடுகள் மறைந்தால் கதை வேறு. அவை பக்கவாட்டு ரிப்பனைச் சார்ந்தவை. அங்கே இந்த முறை பெரும்பாலும் பலிப்பதில்லை, இருக்கும் கோடுகளும் போய்விடக்கூடும். வேறொரு பழுதான கருவியிலிருந்து திரையை எடுத்து மாற்றுவதே நேர்வழி.

புரோ சவுண்ட் என்று எல்லோரும் சொல்லும் மாற்றம் என்ன? அதை எப்படிச் செய்வது?

இசைக்காகச் செய்யப்படும் மாற்றங்களில் இதை ஒன்றைத்தான் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கருவியின் ஹெட்ஃபோன் துளைக்கு வரும் ஒலி, ஒலியளவுச் சக்கரத்தையும் அதற்கு அப்பால் உள்ள சிறு பெருக்கியையும் கடந்து வருகிறது. அந்தப் பாதையில் மின்மாற்றிப் பலகையின் இரைச்சலும் திரையின் இரைச்சலும் சேர்ந்துகொள்கின்றன. திரை நொடிக்கு ஏறத்தாழ 59.7 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 154 வரிகளுக்கான நேரம் செலவாகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 9,200 வரிகள். இது காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வரும் அதிர்வெண். காதில் மட்டும் கேட்கும்போது பொருட்படுத்தாமல் விடக்கூடிய அந்தக் கீச்சொலி, அரங்கின் பெரிய ஒலிபெருக்கியில் பாடலின் மௌனங்களை எல்லாம் நிரப்பிவிடும்.

இதற்கான தீர்வு, சைகையை ஒலியளவுச் சக்கரத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடுவது. சக்கரத்தின் முனைகளில் இடப்பக்கச் சைகை நுழையும் முனை, வலப்பக்கச் சைகை நுழையும் முனை, தரைமுனை ஆகிய மூன்றிலிருந்து மெல்லிய கம்பிகளை எடுத்து ஒரு புதிய 3.5 மில்லிமீட்டர் துளைக்கோ, இரண்டு ஆர்சிஏ துளைகளுக்கோ கொண்டுசெல்ல வேண்டும். எந்த முனை எது என்பதைப் படத்தை நம்பி முடிவு செய்வதைவிடச் சோதித்து உறுதி செய்வதே மேல். இசை மென்பொருளில் ஒரு தடத்தை இடப்பக்கம் மட்டும் ஒலிக்கவிட்டு, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றின் வழியாகச் சோதனைக் கம்பியைச் சிறு ஒலிபெருக்கியுடன் இணைத்து ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்பினாலும் ஒலியளவு மாறாத முனைதான் நமக்கு வேண்டியது.

கம்பிகளைப் பற்றவைத்த பின், கலவைக் கருவியுடன் (மிக்ஸர்) இணைக்கும் முன், வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் அளப்பது கட்டாயம்; நின்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மின்தேக்கியைத் தொடராகச் சேர்க்க வேண்டும். கம்பிகள் மின்மாற்றிப் பலகையின் அருகே செல்லக் கூடாது. தரைக்கம்பியையும் சைகைக் கம்பிகளை எடுத்த அதே இடத்திலிருந்து எடுங்கள். வசதியாகக் கிடைத்த வேறொரு தரைமுனையில் இணைத்துவிட்டு, இரைச்சல் குறையவில்லையே என்று வருந்துவோர் பலர்.

புதிய துளைக்காக உறையில் ஓட்டை போடுவதா என்பது அடுத்த கேள்வி. மாற்று உறை புதிதாகக் கிடைக்கிறது. ஆகவே அசல் உறையைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, மாற்று உறையில் துளையிடுவதே முறை. இருக்கின்ற ஹெட்ஃபோன் துளைக்கே புதிய கம்பிகளைத் திருப்பி இணைப்பவர்களும் உண்டு. ஓட்டையே தேவைப்படாததால் எனக்கு அது மிகவும் உகந்தது. எப்படிச் செய்தாலும் இந்த வெளியீட்டின் அளவைக் கருவியின் சக்கரம் கட்டுப்படுத்தாது. கருவியை இயக்கும்போதும் அணைக்கும்போதும் கலவைக் கருவியில் அந்தத் தடத்தை முழுமையாக இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழும் வெடிப்பொலி ஒலிபெருக்கிகளைக் கெடுக்கும்.

இருட்டான மேடையில் திரை தெரிவதில்லை. பின்னொளி வைக்கலாமா, புதிய ஐபிஎஸ் திரை வைக்கலாமா?

டிஎம்ஜியின் திரைக்கு ஒளியே இல்லை என்பதால் மேடைக்கலைஞருக்கு இது உண்மையான தேவை. அசல் திரையின் பின்னால் ஒட்டியுள்ள வெள்ளிநிறத் தாளையும் துருவப்படலத்தையும் உரித்துவிட்டு, புதிய படலத்தையும் மெல்லிய எல்இடி பலகையையும் வைப்பது பழைய முறை. உரிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மிக மெதுவாகத் தொடங்க வேண்டும். கண்ணாடி எளிதில் உடையும், ரிப்பனை மடக்கினால் கோடுகள் போய்விடும். துருவப்படலத்தை 90 டிகிரி திருப்பிவைத்து, 74எச்சி04 என்ற சிறு சில்லால் திரைக்குச் செல்லும் இரு தரவுக் கம்பிகளின் சைகையைத் தலைகீழாக்கினால் எழுத்துகள் மிகத் தெளிவாகும். இதைப் பைவெர்ட் என்பார்கள்.

ஐபிஎஸ் எனப்படும் இக்கால எல்சிடி திரைகள் பளிச்சென்று அழகாக இருக்கின்றன. ஆனால் அவை கூடுதல் மின்சாரம் இழுக்கின்றன. அவற்றின் சுற்று ஒலிப்பாதையில் புதிய இரைச்சலையும் சேர்க்கக்கூடும். இசைதான் நோக்கம் என்றால் பின்னொளி சேர்த்த அசல் திரையே என் தேர்வு.

இசையமைக்க எந்த மென்பொருள்? சாதாரண கார்ட்ரிட்ஜில் அது இயங்குமா?

நானோலூப் பதினாறு கட்டங்கள் கொண்ட சிறு சதுரத்தில் ஒலிகளை நிரப்பிச் சுழலவிடும் முறை. கைபோன போக்கில் இசைத்துப் பார்ப்பவருக்கு ஏற்றது. லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே, டிராக்கர் வகையைச் சேர்ந்தது. பதினாறு வரிகள் கொண்ட சொற்றொடர்களை எழுதி, அவற்றைச் சங்கிலிகளாகக் கோத்து, சங்கிலிகளை நான்கு தடங்களின் பத்திகளில் மேலிருந்து கீழாக அடுக்கினால் பாடலாகும். எண்கள் பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு A முதல் F) இருப்பது முதலில் மிரட்டும், விரைவில் பழகிவிடும். பதிவு செய்த தாள ஒலிகளையும் அலைத் தடத்தின் வழியாக அது இசைக்கும்; நொடிக்கு ஏறத்தாழ 11,500 புள்ளிகள், ஒவ்வொன்றும் 4 பிட் என்பதால் அவை கரடுமுரடாகவே ஒலிக்கும், அதுவே அவற்றின் சுவை.

எல்எஸ்டிஜே தன் பாடல்களைச் சேமிக்க 128 கிலோபைட் நினைவகம் கேட்கும். சாதாரண விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்களில் 32 கிலோபைட்டோ அதற்குக் குறைவோதான் இருக்கும் என்பதால், எவர்டிரைவ் போன்ற, கோப்புகளை நாமே ஏற்றக்கூடிய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று வேண்டும்.

சேமித்த பாடல்கள் மறைந்துவிட்டன. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் இல்லை. ஆகவே முன்கூட்டியே காப்பதைப் பற்றித்தான் பேச முடியும். கார்ட்ரிட்ஜின் நினைவகம், கருவி அணைந்திருக்கும்போது உள்ளே உள்ள 3 வோல்ட் வட்ட மின்கலத்தால் உயிர்வாழ்கிறது. மின்கலம் தீர்ந்தாலோ, கருவி இயக்கத்தில் இருக்கும்போது கார்ட்ரிட்ஜை உருவினாலோ எல்லாம் போய்விடும். சில ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்களில் சேமிப்பு, எஸ்டி அட்டைக்கு உடனே போகாமல், பட்டியலுக்குத் திரும்பும்போதுதான் எழுதப்படும். உங்கள் கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பாடலையும் அதில் நம்பி வைக்காதீர்கள்.

ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற படிப்பான் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறை இசையமைத்த பிறகும் சேமிப்புக் கோப்பைக் கணினிக்கு நகலெடுங்கள். மின்கலத்தை மாற்றும்போதும் முதலில் நகல், பிறகே சால்டரிங். உலோக நாக்குகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட மின்கலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் மின்கலத்தின் மேல் நேரடியாகச் சால்டரிங் செய்தால் அது சூடேறி வெடிக்கக்கூடும். கழற்றியது சிஆர்2025 என்றால் அதையே போடுங்கள். அருகருகே எண் கொண்ட வேறு மின்கலம் தடிமனில் மாறுபட்டு உறை மூடாமல் போகும்.

மற்ற கருவிகளோடு தாளம் பிசகாமல் இணைக்க முடியுமா?

முடியும். இரண்டு கேம் பாய்களை இணைப்புக் கேபிளால் நேரடியாக இணைத்து, ஒன்றைத் தலைமையாகவும் மற்றதைத் தொடர்வதாகவும் வைக்கும் வசதி எல்எஸ்டிஜேயிலேயே உண்டு. டிஎம்ஜியின் துளை பெரிது, பாக்கெட் முதலானவற்றின் துளை சிறிது என்பதால் அதற்கேற்ற கேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். மிடி (மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) கருவிகளோடு இணைக்க, டிமோத்தி லாம்ப் வடிவமைத்த ஆர்டுயினோபாய் உதவும். ஆர்டுயினோ என்ற சிறு நிரலேற்றுப் பலகை இடையில் நின்று இரு பக்கத்துச் சைகைகளையும் மொழிபெயர்க்கிறது. அவரே எழுதிய எம்ஜிபி மென்பொருளை ஏற்றினால், வெளியிலிருந்து மிடி விசைப்பலகையால் கேம் பாயின் நான்கு தடங்களையும் இசைக்கலாம். கருவிக்குள் எந்த மாற்றமும் செய்யாமலே இத்தனையும் கிடைப்பதால், துளையிடும் மாற்றங்களுக்கு முன் இதை முயன்று பாருங்கள்.

படிகத்தை மாற்றிச் சுருதியை இறக்குவது பாதுகாப்பானதா?

கேம் பாயின் படிகம் 4.194304 மெகாஹெர்ட்ஸ். அதற்குப் பதிலாக எல்டிசி1799 போன்ற மாறு அலையாக்கியை இணைத்து ஒரு குமிழால் வேகத்தைத் திருப்பலாம். வேகம் பாதியானால் சுருதி சரியாக ஓர் எண்மம் இறங்கும், தாளமும் பாதியாகும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் திரையும் அதே கடிகாரத்தைச் சார்ந்ததால் மினுமினுக்கத் தொடங்கும். கடிகாரம் முழுமையாக நின்றுவிட்டால் திரவப் படிகத்தின் மேல் ஒரே திசையில் மின்னழுத்தம் நின்று அதைக் கெடுக்கும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காதபடி மின்தடை சேர்த்து, பழைய படிகத்துக்கே திரும்பும் ஒரு விசையையும் வைப்பதானால் மட்டும் செய்யுங்கள். ஒரே ஒரு கருவி வைத்திருப்பவர் இதைத் தொட வேண்டாம்.

மின்கலத்துக்குப் பதில் அடாப்டர் பயன்படுத்தலாமா?

பதிவறையில் பயன்படுத்தலாம், ஆனால் டிஎம்ஜிக்கு 6 வோல்ட், அதிலும் நடுமுனை எதிர்மறையாக உள்ள அடாப்டர் தேவை. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடுமுனை நேர்மறை. மாற்றிச் செருகினால் மின்பகுதி எரிந்துபோகும். மலிவான அடாப்டர்கள் ஒலியில் இரைச்சலையும் சேர்க்கும். நான்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் மின்கலங்கள் 4.8 வோல்ட் தந்தாலும் டிஎம்ஜி அவற்றில் நன்றாக ஓடும். சிவப்பு விளக்கு சற்று முன்னதாகவே மங்குவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நிகழ்ச்சிக்கு முன் புதிதாகச் சார்ஜ் ஏற்றியவற்றைப் போட்டு, கூடுதலாக ஒரு தொகுதியைப் பையில் வைத்திருங்கள்.

செயலியே பழுதான கருவியை என்ன செய்வது?

எறிந்துவிடாதீர்கள். திரை, ஒலிபெருக்கி, பொத்தான்களின் ரப்பர், மின்மாற்றிப் பலகை, ஒலியளவுச் சக்கரம், திருகாணிகள் ஆகிய அனைத்தும் இன்னொரு கருவிக்குப் பயன்படும். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள்ளேயே வைத்து, மின்கலங்களை எடுத்துவிட்டு, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.